நாய்க்காரம்மா

லிஃப்டில் ஏறினால் எந்த மாடி வந்தது என்று பார்க்கமாட்டார். திரையின் மூலையில் நேரம் ஓடுகிறதா என்று பார்ப்பார். வங்கியிலும் அப்படித்தான், பேருந்து நிலையத்திலும் அப்படித்தான். நொடி நகர்ந்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும். "படம் தெரிஞ்சா உயிரோட இருக்குன்னு அர்த்தமா? செத்த திரையும் படம் காட்டும்" என்பார்.

எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயர் நாய்க்காரம்மா. ஆலை இயந்திரங்களை இயக்கும் தொடுதிரைக் கணினிகளுக்கு நிரல் எழுதுபவர். அவற்றைத் தகரப் பெட்டிக்குள் பொருத்துவது என் வேலை. ஒவ்வொரு கணினிக்குள்ளும் வாட்ச்டாக், அதாவது காவல் நாய், என்றொரு கடிகாரம் உண்டு. 'நான் இருக்கிறேன்' என்று நிரல் அதற்கு அடிக்கடி தகவல் தர வேண்டும். தகவல் நின்றால், நிரல் உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, அது கணினியை அணைத்து மறுபடி எழுப்பிவிடும். தகவல் தருவதைச் சோறு வைப்பது என்பார். எழுப்புவதைக் கடி என்பார். "நாய் கடிச்சாத்தான் நான் சாப்பிடுவேன்" என்று டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரை நாங்கள் கேலி செய்யாத நாளில்லை.

பயந்த சுபாவம் என்றால் போதாது, பயத்துக்கே சம்பளம் வாங்குகிறவர். கணினியை வேண்டுமென்றே உறையவைத்துவிட்டு, இரு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு கடிக்காகக் காத்திருப்பார். அவருடைய தங்கை ஒரு சலவை ஆலையில் நீராவித் தொட்டியருகே நிற்கிறாள். அந்தத் தொட்டியின் சூட்டைக் காட்டுவதும், மிஞ்சினால் நீராவியை நிறுத்துவதும் இவர் நிரல் எழுதிய பெட்டிதான். "அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான், பெட்டி செஞ்சு கொடுத்ததும் நான்தான்" என்று ஒருமுறை சொன்னார். பெருமையாகச் சொன்னதாகத்தான் அன்று எனக்குப் பட்டது.

நேற்று அதே ஆலைக்கு இன்னொரு பெட்டி தயாரானது. பழைய நிரலேதான். வழக்கமாகக் கணினி முழுவதையும் உறையவைப்பவர், என்ன தோன்றியதோ, சூட்டைக் கவனித்துத் திரையில் காட்டும் பகுதியை மட்டும் நிறுத்திப் பார்த்தார். மூலையில் நேரம் நின்றது. சூடு எண்பதிலேயே நின்றது. நாய் கடிக்கவில்லை.

"சோறு வைக்கிற வேலையை நிரல்ல தனிப் பகுதியா விட்டுட்டேன்" என்றார். "வீட்டுக்குள்ள ஆள் செத்துக் கிடக்கு. கொல்லைப்பக்கம் எவனோ நாய்க்குச் சோறு போட்டுட்டே இருக்கான். அது எப்படிக் குரைக்கும்?"

தங்கையின் ஆலையில் தொட்டி கொதித்துப் பொங்கினாலும் திரை எண்பது என்றே காட்டிக்கொண்டிருக்கும், நீராவியும் நிற்காது.

தங்கைக்குப் போன் போட்டார். ஆலை இரைச்சலையும் மீறி அவள் குரல் எங்களுக்குக் கேட்டது.

"திரையில நேரம் ஓடுதா பாருடி."

"ஓடுதுக்கா. ஏன்?"

"நீராவி வால்வைக் கையால மூடு."

"நடு வேலையிலயா? மேஸ்திரி திட்டுவாருக்கா."

"எங்க அக்கா எழுதினதுல தப்பு இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு. மூடிட்டு வெளிய வா. போனை மட்டும் வைக்காத."

முதலாளி பாய்ந்து வந்தார். "என்னம்மா இது, நீயே ஊரைக் கூட்டுற? நம்ம பொழப்பு என்னாகிறது?"

நாய்க்காரம்மா மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. வெறுங்காலோடு இறங்கியவர், இரண்டு படிக்கு ஒருமுறை போனில் கேட்டுக்கொண்டே போனார்: "இருக்கியா?"