ரோஸ்லின் பெயருக்கு மேல் இருக்கவேண்டிய நட்சத்திரக் குறி

ரோஸ்லினை ஏமாற்றியவன் நான்தான். ஆய்விதழ்க்காரர்கள் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. நான்!

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் விட்டால் நல்லவன் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவேன். எனக்கு அந்தத் திறமை உண்டு.

நானும் அவளும் ஜோகூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் முதுகலை ஆய்வு செய்தோம். அன்னாசித் தண்டில் இருக்கும் ஒரு நொதி, நீரிழிவுக்காரர்களின் ஆறாத புண்ணை ஆற்றுமா... அதுதான் எங்கள் கேள்வி. பெக்கான் நானாஸ் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் தண்டுகளைக் கொண்டுவந்து நொதியைப் பிரிப்பது நான். தோல் செல்களை வளர்த்து அதன்மேல் சோதிப்பது அவள். பாதி வேலை அவளுடையது. உண்மையைச் சொல் என்கிறாயா? பாதிக்கும் மேல்.

செல்களுக்குப் பண்டிகை தெரியாது. நேரத்துக்குத் திரவம் மாற்றாவிட்டால் செத்துப்போகும். அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தீபாவளி, பொங்கல், தைப்பூசம் எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் என் முறை.

"உங்களுக்கு மட்டும் ஏன்டா இவ்ளோ பெருநாளு? எனக்குத்தான் லாஸ் லா!" என்று திட்டுவாள். தீபாவளி முடிந்து முறுக்கு டப்பா இல்லாமல் போனால் என்னை அறைக்குள்ளேயே விடமாட்டாள்.

எங்கள் ஆய்வுக் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. எங்கள் துறையில் முதல் பெயர்தான் எல்லாம், தெரியுமா உனக்கு? உலகத்தில் யார் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினாலும் முதல் பெயரை எழுதி, 'மற்றும் பிறர்' என்று முடித்துவிடுவார்கள். எங்கள் பேராசிரியர் நியாயமான மனிதர். என் பெயர் முதலில், ரோஸ்லின் அடுத்து. இருவர் பெயருக்கு மேலும் சிறிய நட்சத்திரக் குறி. அடியில், 'இருவரும் சமமாகப் பங்களித்தவர்கள்' என்று ஒரு வரி. அந்த வரி இருந்தால் அவளும் முதல் ஆசிரியர்.

அச்சுக்கு முன் சரிபார்க்கும் புரூஃப் வந்தது கிறிஸ்துமஸ் அன்று. என்னையே பார்த்து அனுப்பச் சொன்னார் பேராசிரியர். ரோஸ்லினுக்குப் போன் போட்டேன். உலு திராமில் அவள் வீட்டில் ஒரே சிரிப்புச் சத்தம்.

"இன்னிக்கு உன் டர்ன்தானே? நீயே பாத்துக்கோ லா. என்னைவிட உனக்குத்தான் கண்ணு நல்லா தெரியும்."

பார்த்தேன். பக்கம் அமைத்தவர்கள் நட்சத்திரக் குறிகளைப் போடாமல் விட்டிருந்தார்கள். அந்த வரியையும்தான். ஓரத்தில் ஒரு கேள்வி: ஆசிரியர் விவரங்கள் சரியாக உள்ளனவா?

கவனிக்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது... கவனித்தேன்! என் பெயர் அங்கே தனியாக, கம்பீரமாக நின்றது. சிங்கப்பூரில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க வேறு போகிறேன். தவறு அவர்களுடையதுதானே? நான் எதையும் அழிக்கவில்லையே?

'சரி' என்பதை அழுத்தினேன். பிறகு போய் அவளுடைய செல்களுக்குத் திரவம் மாற்றினேன். அவ்வளவு சுத்தமாக! ஒரு சொட்டுச் சிந்தாமல்!

அச்சில் வந்ததும் அவள் பார்க்கவில்லையா என்று நீ கேட்பாய். அம்மாவிடம் தன் பெயரைக் காட்டினாள், அவ்வளவுதான். நான் பார்த்துவிட்டேன் என்பதால் அவள் மறுபடி பார்க்கவில்லை. பேராசிரியரும் அப்படியே.

கட்டுரை பிய்த்துக்கொண்டு ஓடியது. மேற்கோள்கள் ஏற ஏற என் பெயரும் ஏறியது. சிங்கப்பூரில் எனக்கு இடம் கிடைத்தது. அவளும் அங்கேதான் விண்ணப்பித்தாள். நேர்காணல் முடிந்து வந்தவள் ரொட்டிச் சானாய் கடையில் என் எதிரே உட்கார்ந்தாள். ரொட்டியைத் தொடவே இல்லை.

"ஃபர்ஸ்ட் ஆத்தரா பேப்பர் இருக்கான்னு கேட்டாங்கடா. இருக்குன்னேன். தொறந்து பாத்தாங்க... பேரு மேல ஒன்னுமே இல்ல. நான் புளுகுறேன்னு நெனைச்சிட்டாங்க போல."

"அலமாக்! அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே!"

எவ்வளவு அழகாகக் கண்ணை விரித்தேன் தெரியுமா? அதைப் பார்த்து அவள்தான் என்னைச் சமாதானம் செய்தாள்!

"சரி விடு லா. நீ என்ன வேணும்னா செஞ்சே? புரூஃப் அனுப்புனது நீதானே, திருத்தம் போடச் சொல்லி ஜர்னலுக்கு ஒரு மெயில் அடி. போடுவாங்க."

"இன்னிக்கே அடிக்கிறேன்."

அடிக்கவில்லை. பிறகு கேட்டாள். பதில் வரவில்லை என்றேன். இன்னொரு முறை கேட்டாள். அதையே சொன்னேன். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஏன் அனுப்பவில்லை? அனுப்பினால், ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அன்று புரூஃப் பார்த்தது யார் என்று கேட்பார்கள். என் இடம் போய்விடும்... போகட்டுமே! அவளுக்குப் போகவில்லையா? இப்படி எனக்கு நானே கத்துகிறேன். மறுநாள் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன்.

ரோஸ்லின் இப்போது பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறாள். போன தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினாள். "அங்க செல்லுக்கு யாருடா தண்ணி மாத்துறது?" என்று கேட்டாள். நான்தான், தீபாவளி அன்றும் நான்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டினால் தகவல் வரும்படி அவள் கைப்பேசியில் இன்னும் வைத்திருக்கிறாள். வந்ததும் எனக்கு அனுப்பிவிடுவாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்தது. யாரோ எங்கோ எங்கள் நொதியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் என் பெயர், 'மற்றும் பிறர்'.

கீழே அவள் எழுதியிருந்தாள்: "டேய், நம்ம பேப்பர்டா!"

நான் ஒரு கட்டைவிரல் குறியை அனுப்பினேன்.