டொபி டின்

மகளின் பால் போத்தல்கள் அடுப்பில் கொதிக்கின்றன. மூடிகளை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே, நடுநடுவே ஈரக்கையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முந்தி கண்டி டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்ட்டில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. மாப் பிடித்தவங்களுக்குத் தெரியும், நாம் துடைத்த ஈரத்தில்தான் எல்லாரும் நடப்பாங்க.

வாளியோடு பேச்சு

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் அந்த வார்ட்டில் பகலில் தமிழும் சிங்களமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொல்வதை, தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் அம்மாமாருக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும். குனிந்து வாளியைப் பார்த்தே சொல்வேன். நங்கி, அதாவது தங்கச்சி என்றுதான் மிஸ் என்னைக் கூப்பிடுவாங்க. ஒரு நாள் சிரிக்காமல் சொன்னாங்க: "நங்கி, காய்ச்சல் வாளிக்கு இல்ல. அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லு."

கட்டிலுக்குப் பின்னால்

ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய், மூன்று வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கூடவே அவள் மாமியார். பிள்ளை கண்ணே திறக்கவில்லை, சட்டையெல்லாம் வேர்வை. விரலில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி இறங்கிக் கிடந்தது. குளுக்கோஸ் சேலைன் ஏற்றிவிட்டு, வீட்டில் ஏதாவது மருந்து எடுத்துத் தின்றானா என்று டாக்டர் கேட்டார். எதைத் தின்றான் என்று தெரியாமல் விட்டால் மறுபடியும் சீனி இறங்குமாம். நான் தமிழில் கேட்டேன். ஒன்றுமில்லை என்று மாமியார்தான் சொன்னார். தாய் பிள்ளையின் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

சிந்தின தண்ணியைத் துடைக்கக் கட்டிலுக்குப் பின்னால் குனிந்தேன். செருப்பைத் தேடுகிற மாதிரி அவளும் குனிந்தாள். மாமி தன் சீனி வருத்தத்து மாத்திரையை டொபி இனிப்பு வந்த பழைய டின்னில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைப்பாராம். டின் காலியாகக் கிடந்ததாம். மாமி முன்னால் சொல்ல ஏலாது, நீ சொல்லு தங்கச்சி என்றாள். எழுந்து, டாக்டர் முகத்தைப் பார்த்து, வார்ட்டே திரும்புகிற மாதிரி சிங்களத்தில் சொல்லிவிட்டேன். மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டே மிஸ் சொன்னாங்க: "இன்னைக்குத்தான் நங்கி உன் குரலைக் கேட்டேன்."

டின் வந்தது

டாக்டர் டின்னைக் கொண்டுவரச் சொன்னதும் மருமகள்தான் சொல்லியிருக்கிறாள் என்று மாமியாருக்கு விளங்கிவிட்டது. மருமகள் பாடு அவ்வளவுதான் என்று பயந்தேன். மறுநாள் பிள்ளை எழும்பி தின்ன பணிஸ் கேட்டான்.

வீட்டுக்குப் போகிற நாளில் மிஸ் வழக்கம்போல அம்மாமாரைக் கூப்பிட்டு, மருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத உயரத்தில் பூட்டி வைக்கச் சொன்னாங்க. நான் தமிழில் சொல்லி முடிக்கல, மாமியார் எழும்பினார். முந்தானைக்குள்ளிருந்து டின்னை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "இதுதான் அந்த டின்னு. வச்சது நான், மருமக இல்ல. எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க."

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை. தரை துடைக்கிற மருந்துத் தண்ணி வாசம் எங்கேயாவது வந்தால் இன்னும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். இங்கே குண்டசாலையில் என் மாமியின் பிரஷர் மாத்திரை அலுமாரி மேல் இருக்கு. அந்த வார்ட்டில் இவ்வளவு படித்து வந்தும் நான் கண்ட பலன், "புள்ள, மாத்திரைய எடுத்துத் தா" என்று மாமி கூப்பிடுகிற நேரமெல்லாம், இதோ இப்போது போல, போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு, ஏறி எடுக்கக் கதிரையைத் தேடி ஓடுவதுதான்.