எம்.எல்.ஏ. வைத்த பெயர்

என் மகள் பிறந்து ஒன்றரை வருஷம் பெயரில்லாமல் இருந்தாள். தடுப்பூசி அட்டையில் 'பெண் குழந்தை' என்றுதான் இருந்தது. ஊசி போட வரும் நர்ஸம்மா ஒவ்வொரு முறையும் என்னைத் திட்டுவார். தெருவில் அவளுக்கு 'எம்.எல்.ஏ. பாப்பா' என்று பட்டமே விழுந்துவிட்டது. எல்லாம் என் வீட்டுக்காரரால். எங்கள் எம்.எல்.ஏ. வாயால்தான் பெயர் வைக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

எம்.எல்.ஏ. பிரம்மதேசம் பக்கத்து விவசாயக் குடும்பம். சுவரில் சின்னம் வரைந்து, போஸ்டர் ஒட்டி, போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், கவுன்சிலராகி, ஒருவழியாகச் சட்டசபைக்குப் போனவர். சைக்கிளில் பசை வாளியோடு சுற்றிய காலத்தில் அவருக்கு ஏணி பிடித்தவர் என் வீட்டுக்காரர். உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிற மனுஷனுக்கு அந்த ஏணிதான் சொத்து. "அண்ணன் வருவாருடி, எங்கிட்ட சொல்லிட்டாரு" என்பார். நானும் நம்பினேன்.

2004 டிசம்பர் கடைசியில் முதல் தேதி குறித்தோம். அந்த வாரம் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. எம்.எல்.ஏ. மீனவர் குப்பங்களிலேயே கிடந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிணம் தூக்கினார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நிஜமாகவே அவர்மேல் மரியாதை வந்தது. பெயர் எங்கே ஓடிவிடப்போகிறது, மெதுவாக வைக்கலாம் என்று நானே சொன்னேன்.

அடுத்த வருஷம் ஒரு கல்யாண மேடையில் அவர் நாலு பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைத்ததைப் பார்த்தேன். நாலுக்கும் ஒரே பெயர், அவருடைய அம்மாவின் பெயர். தாய்ப்பாசம், தப்பில்லை. ஆனால் எங்கள் தெருவிலேயே ஏற்கெனவே அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். வரிசையில் ஐந்தாவதாக நின்ற என் வீட்டுக்காரரிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி, "உடம்பு கொதிக்குதுங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பத்து மாதம் சுமந்தவள் நான். தூளி கட்டிய நாளிலிருந்தே அவளை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும்.

2006இல் தேர்தல் வந்தது. உப்பு வாருகிற நேரம், வெயில் மண்டையைப் பிளந்தது. பிரச்சார ஜீப் உப்பளத்து ஓரமாக வந்து நின்றதும் என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உப்புக் கையோடு நானும் பின்னால் ஓடினேன். அதற்குள் பிள்ளை ஜீப்பில் இருந்த எம்.எல்.ஏ. கைக்குப் போய்விட்டாள். அவர் மைக்கை வாங்கினார். அவர் அம்மாவின் பெயர் வரப்போகிறது என்று தெரிந்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் முகத்தை அவர் பார்த்துவிட்டார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, நீ என்னா பேரு சொல்லிக் கூப்புடுற?"

சொன்னேன். என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் கையை உயர்த்தி 'வாழ்க' போட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் காதில் விழவில்லை. நான் சொன்ன பெயரை எம்.எல்.ஏ. உப்பளம் முழுக்கக் கேட்கும்படி மூன்று முறை சொன்னார்.

அந்தத் தேர்தலில் அவர் தோற்றுப்போனார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ஜீப்பும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல், யாரோ ஒருவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். ஓட்டுப் போட்டவர், போடாதவர் எல்லார் வீட்டுக்கும் போய் நன்றி சொன்னார். என் பிள்ளையைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். எத்தனை ஆயிரம் முகம் பார்த்த மனுஷன், அவர் அதை மறக்கவில்லை.

"நீங்க வெச்ச பேருண்ணே" என்று என் வீட்டுக்காரர் கண் கலங்கினார்.

"நான் எங்கேப்பா வெச்சேன்? அது உன் பொண்டாட்டி வெச்ச பேரு. நான் மைக்ல சொன்னேன், அவ்ளோதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றரை வருஷம் காத்திருந்ததையெல்லாம் கெடுத்துவிட்டாயே என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வரப்போகிறார் என்று பயந்து, மொபெட் கிளம்பியதும் அடுப்படிக்குள் புகுந்துகொண்டேன். பின்னாலேயே வந்தார். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"அண்ணன் மனசைப் பாத்தியாடி? தோத்துப்போயி நிக்கிற நேரத்துலகூட, தான் வெச்ச பேரை உனக்கு விட்டுக்குடுத்துட்டுப் போறாரு!"