திருவொற்றியூர் வழியாக இரண்டாம் வருஷம்

1. சார்ஜ்ஹாண்ட் நாற்காலி

ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டி நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரே ஒரு ஸ்டீம் எஞ்சின்தான். லேத்து, டிரில்லிங் மெஷின், சாணைக்கல் எல்லாம் அதிலிருந்து பெல்ட்டு வாங்கித்தான் ஓடும். எஞ்சின் நின்றால் பட்டறையே நின்றுபோகும். பகலுக்கு ஒருவன், இரவுக்கு ஒருவன் என்று இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டோம். வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறும்.

அதில் ஒருவன் நான். காசிமேட்டில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும், கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுத்தே செத்துவிடுவேன் என்பதால் கரையில் விடப்பட்டவன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. இன்னொருவன் வண்ணாரப்பேட்டை காதர். அவனும் அஞ்சுதான். வெளியில் ஏழு என்று சொல்லிக்கொள்வான்.

அந்த எஞ்சினைப் பற்றி என்னை விடத் தெரிந்தவன் அப்போது எண்ணூர் வரைக்கும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

நாடு சுதந்திரம் வாங்கிய புதிது. எங்களையெல்லாம் மேய்க்கிற சார்ஜ்ஹாண்ட் வேலையை விட்டுப் போவதாகப் பேச்சு வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஆங்கிலோ இந்தியர், ராயபுரத்துக்காரர்தான். எங்களை விட நன்றாக மெட்ராஸ் பாஷை பேசுவார்.

"ஏயுமல, உன் கைவேல சுத்தம், எனக்குத் தெரியும். ஆனா கம்பெனிக்குத் தெரியாதுப்பா. ஈவினிங் இன்ஸ்டிடியூட்ல ரெண்டு வருஷம் பாஸ் பண்ணவனுக்குத்தான் அந்த நாற்காலின்னு எயுதி வச்சிக்கீறாங்கோ. அடுத்த வருஷக் கடேசி வரைக்கும் வேற ஆளப் போடாம நான் இய்த்துப் பிடிக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆவாது."

இரண்டு வருஷப் படிப்பு. கையில் இருப்பதோ ஒன்றரை வருஷம். கணக்குப் போட அஞ்சாம் வகுப்பே போதும்.

2. துண்டு பாஸ்

இன்ஸ்டிடியூட்டும் ராயபுரத்திலேயே இருந்தது. அங்கே நானும் காதரும் போய் விசாரித்தபோது ஒரு நல்ல சேதி கிடைத்தது. முதல் வருஷ வகுப்பில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டறைக் கணக்கு, ஸ்டீம் எஞ்சின், மெஷின் டிராயிங் என்ற மூன்று பேப்பரையும் கவர்மெண்ட் டெக்னிகல் பரீட்சையில் தனியாக எழுதிப் பாஸ் செய்தால், நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வார்கள். வாசலில் நின்ற பியூன் சொன்னது அது. அவ்வளவு போதும் என்று திரும்பிவிட்டோம்.

காதருக்கும் ஆசை வந்தது. "எனக்கு உன் நாற்காலி வாணாம் மாமு. நாள் பூரா கத்திகினு கீற வேல அது. கைல ஒரு பாஸு இருந்தா பம்பாய் மில்லுப் பக்கம் போயிடுவேன்."

பரீட்சை பகலில், மூன்று நாள். இருவரும் ஒரே நாளில் போனால் எஞ்சினுக்கு ஆள் இல்லை. ஒருவன் போனால் மற்றவன் இரவு ஷிப்டை முடித்து அப்படியே பகலுக்கும் நிற்க வேண்டும். மூன்று நாளும் ஒருவனே அப்படி நின்றால் கொதிகலனுக்குள் விழுந்துவிடுவான். அதனால் பங்கு போட்டுக்கொண்டோம். முதல் தடவை நான் இரண்டு பேப்பர், அவன் ஒன்று. அடுத்த தடவை மாற்றி. எங்கள் பட்டறையில் கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பங்கு. பரீட்சைக்கும் அதுவே செல்லும் என்று நினைத்துவிட்டோம். யோசனை காதருடையது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

டிராயிங் பரீட்சையில் ஒரு கூத்து நடந்தது. பட்டறையில் எதை வரைந்தாலும் இரும்புத் தகட்டில் சாக்குக் கட்டியால் நிஜ அளவில்தான் வரைவோம். அதே பழக்கத்தில் காதர் ஒரு பேரிங்கை நிஜ அளவில் ஆரம்பித்து, பாதியிலேயே காகிதத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டான். மேற்பார்வைக்கு நின்றவரிடம், "சார், இன்னொரு காகிதம் குடு, மீதி பேரிங் வெளில நிக்கிது" என்றானாம். அவர் இரக்கப்பட்டு, கேள்வியில் பாதி அளவு என்று போட்டிருந்ததை விரலால் காட்டினார். அழித்து வரைந்தான். பாஸ்.

இரண்டு தடவையில் இரண்டு பேரும் மூன்று பேப்பரையும் முடித்தோம். நான் கணக்கில் வாங்கிய மார்க்கை இன்றைக்குச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், அதனால் சொல்லவில்லை.

3. சூப்பிரண்டெண்ட் சொன்னது

ஜனவரியில் நடக்கும் இரண்டாம் வருஷ அட்மிஷனுக்கு இரண்டு மாசம் இருக்கும்போதே இன்ஸ்டிடியூட்டுக்குப் போனோம். ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் எங்கள் சர்ட்டிபிகேட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணும் ஒரே தடவையில பாஸ் பண்ணியிருக்கணும்ப்பா. நீங்க பிச்சுப் பிச்சு எழுதியிருக்கீங்க. இது இங்க செல்லாது."

காதருக்கு மூக்கு விடைத்தது. "கவர்மெண்டே பாஸ் போட்டுக்குது நைனா, உனுக்கு இன்னா பேஜாரு?"

"கவர்மெண்ட் பாஸ் போட்டது சரி. நான் சேர்த்துக்கறது எங்க விதிப்படி. மறுபடியும் ஒரே தடவையா எழுதிட்டு வாங்க."

மறுபடியும் எழுதினால் அடுத்த வருஷ அட்மிஷன். அதற்குள் நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்திருப்பான். என் தம்பி வயசுக்காரன் ஒருவனை நான் 'சார்' என்று கூப்பிடுகிற காட்சி கண் முன்னால் வந்தது.

காதர் கதவு வரைக்கும் போய்விட்டான். நான் நகரவில்லை. எஞ்சின் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால் நீராவி வேறு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில்.

"சார், பரீட்ச எயுதாத ஆளுங்கோ யாராச்சும் உங்க ரெண்டாம் வருஷத்துல வந்து சேர்றாங்களா?"

"சேர்றாங்களே. திருவொற்றியூர் தொழில் பள்ளியில முதல் வருஷம் மட்டும்தான் உண்டு. அங்க பிரமோஷன் ஆகி டி.சி. கொண்டு வர்றவங்களை எடுத்துக்கறோம்."

"அவுங்க பேப்பர ஒரே தபா எயுதுனாங்களா, துண்டு துண்டா எயுதுனாங்களான்னு கேப்பீங்களா?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கேக்க மாட்டோம். டி.சி.யில பிரமோட்டட்னு இருந்தா போதும்."

"இத அட்மிஷன் அன்னிக்கும் சொல்லுவீங்களா சார்?"

சிரித்துவிட்டார். "சொல்லுவேன் போ."

4. தீப்பெட்டிக்காரர்களோடு

அன்றைக்கே ரயிலேறித் திருவொற்றியூர் போனோம். பள்ளி என்றால் ஒரு நீளமான ஓட்டுக் கொட்டகை. தலைமையாசிரியர் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் துண்டு பாஸ்களைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவே இல்லை.

"இங்க படிக்கிறவன் எல்லாம் தீப்பெட்டிக் கம்பெனி, ரயில்வே ஷிப்ட்டுக்காரன். ஒருத்தனாவது ஒரே தடவையில எழுத முடியுமா? எனக்குத் துண்டு பாஸ் போதும். ஆனா ஆள முன்னப்பின்ன பாக்காம பிரமோஷன் குடுக்க மாட்டேன். பேர் பதிஞ்சு, பருவம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அது வரைக்கும் வகுப்பில உக்காரணும்."

"ரெண்டு பேரும் ஒரே சமயத்துல வர முடியாது சார். எஞ்சினு கீது" என்றேன்.

"காலையில நடத்துற பாடத்தையே சாயங்காலமும் நடத்துறோம். ஷிப்ட் மாறினா நீயும் மாறி வா."

அந்த ஒரு வார்த்தையில் எங்கள் பிரச்சினை தீர்ந்தது. பகல் ஷிப்ட் வாரத்தில் சாயங்கால வகுப்பு, இரவு ஷிப்ட் வாரத்தில் காலை வகுப்பு. காலை வகுப்பில் காதர் பென்ச்சிலேயே தூங்குவானாம். பக்கத்தில் இருந்த தீப்பெட்டிக் கம்பெனி ஆள், "பாய், பத்தவெக்கட்டா?" என்று காதுக்குள் கேட்டு எழுப்புவானாம். நான் தூங்கியதில்லை. சந்தேகம் கேட்டுக் கேட்டே வாத்தியாரை ஒரு வழி செய்துவிட்டேன் என்று அவரே சொன்னார்.

பருவம் முடிந்தது. இருவர் டி.சி.யிலும் பிரமோட்டட். ராயபுரத்து சூப்பிரண்டெண்ட் அதைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னால வந்த ஆளுங்கதானே நீங்க?"

"அதே ஆளுங்கோதான் சார். இப்ப திருவொத்தியூர்லேர்ந்து வரோம்" என்றான் காதர்.

பேனாவை மையில் தோய்த்தார். "வந்த வழிய ஊர் பூரா சொல்லி வைக்காத" என்றபடியே பதிந்துகொண்டார்.

இரண்டாம் வருஷ வகுப்பு வாரத்துக்கு மூன்று நாள் சாயங்காலம்தான். எனக்காக இரவு ஷிப்டைத் தானே எடுத்துக்கொண்டவன் காதர். பாடத்தை என் வாயிலிருந்தே கேட்டுக்கொள்வான், பரீட்சையை மட்டும் அடுத்த வருஷம் எழுதினான். மேனேஜர் சொன்ன கெடு முடிவதற்குள் நான் பாஸ் செய்து நாற்காலியில் உட்கார்ந்தேன். காதர் பம்பாய்க்குப் போகவே இல்லை. "உன்ன மாதிரி சார்ஜ்ஹாண்ட் அங்க கெடைக்க மாட்டான் மாமு, கேள்வி கேட்டே சாவடிக்கறதுக்கு" என்று காரணம் சொன்னான்.

சூப்பிரண்டெண்ட் சொல்லாதே என்றார். நான் பட்டறை முழுக்கச் சொன்னேன், பக்கத்துப் பட்டறைக்கும் சொன்னேன். அடுத்த அட்மிஷனுக்கு ஒரு பெருங்கூட்டமே திருவொற்றியூர் டி.சி.யோடு ராயபுரத்தில் போய் நின்றது. ஒவ்வொருவனும் நான் கேட்ட கேள்விகளையே கேட்டானாம். பதில் சொல்லி மாளாமல், எந்தப் பரீட்சை செல்லும், எத்தனை தடவையில் எழுத வேண்டும், எந்தப் பள்ளியின் டி.சி.யை ஏற்பார்கள் என்றெல்லாம் ஒரு கறுப்புப் பலகையில் தமிழில் எழுதி வாசலிலேயே மாட்டிவிட்டார்கள்.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பரீட்சையை எழுதுவதற்கு முன்னால், அதை ஏற்றுக்கொள்ளப் போகிறவனிடம் போய்க் கேளுங்கள், பியூன் சொன்னதோடு திரும்பிவிடாதீர்கள். செல்லாது என்று சொன்னால், எது செல்லும் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். அந்தப் பலகையில் என் பெயர் இல்லை. ஆனால் அதை மாட்ட வைத்தவன் நான்.