ஜன்னல் விளிம்பில் பாசியும் அணிலும்

பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ அறைகளில் இருந்துவிட்டேன். முதல் அறை வெள்ளவத்தையில், கடல் பக்கத்து லொட்ஜின் மூன்றாம் மாடியில். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா பிரான்சில். விசா வந்ததும் அம்மாவும் நானும் போய்விடுவோம் என்பதால் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஆனால் அடுத்த ஒழுங்கையில் டியூஷன் இருந்தது. அங்கே பழைய பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம் கேட்பதில்லை. பள்ளிக்கூடமே இல்லாமல் டியூஷனுக்குப் போன பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விஞ்ஞான சேர் ஒரு வேலை தந்தார். ஒரு பாசியையும் கொறிக்கும் விலங்கு ஒன்றையும் ஒப்பிட வேண்டும்; அவை அழியும் ஆபத்தில் உள்ளனவா என்றும் எழுத வேண்டும். நல்லதை வகுப்பில் வாசிப்பாராம். என்னுடையதை வாசித்தால் யாராவது என்னோடு கதைப்பார்கள் என்று நினைத்தேன். அதுவரை ஒருவரும் கதைத்ததில்லை.

மற்றவர்கள் போனில் தேடினார்கள். எங்கள் ஒரே போன் காலையிலேயே அம்மாவோடு விசா கந்தோருக்குப் போய்விடும். எனக்கு ஜன்னல் இருந்தது. மேல்மாடி ஏசியின் தண்ணீர் சொட்டும் விளிம்பில் பாசி. காலைச் சாப்பாட்டில் மிஞ்சும் பாண் துண்டுக்கு வரும் அணில். மூன்று நாள் பார்த்து எழுதினேன். பாசிக்கு வேர் இல்லை, சுரண்டினாலும் திரும்ப வரும். அணிலுக்கு நாலு கால், பாண் முடிந்தால் வராது. ஆபத்தைப் பற்றி லொட்ஜ் மனேஜரைக் கேட்டேன்.

"ரெண்டுக்கும் நான்தான் ஆபத்து, மகள்" என்றார். அப்படியே எழுதினேன்.

சேர் வாசித்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் திருத்தினார்.

"அணில் ஊரெல்லாம் நிக்குது, அதுக்கொரு ஆபத்தும் இல்ல. உன்ர பாசிய ஒருத்தரும் இன்னும் ஆராய்ஞ்சு பாக்கேல்ல. 'மதிப்பிடப்படவில்லை' எண்டு எழுது."

"அப்ப ஆபத்து இல்லையா சேர்?"

"இருக்கோ இல்லையோ எண்டே தெரியாது, பிள்ள."

பக்கத்தில் இருந்தவள் என் பக்கம் திரும்பினாள். "நீ எந்த ஸ்கூல்?"

"ஸ்கூல் இல்ல."

"பிறகென்னத்துக்கு டியூஷன்?"

கேட்டுவிட்டு அவள் மற்றப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பின்னேரம் அம்மா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் அமர்ந்தார். கொப்பியை வாசித்துக் காட்டினேன். கடைசிச் சொல்லான 'மதிப்பிடப்படவில்லை' வந்ததும், "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். அம்மா சிரிக்கத் தொடங்கினார். தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எங்கள் விசா விண்ணப்பக் கோவையை இன்னும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அன்றுதான் கந்தோரில் சொல்லியிருந்தார்களாம். அதை நான் அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகு.

என் எழுத்து ஒருவருக்காவது பிடித்துவிட்டதே என்ற சந்தோசத்தில், மூன்றாம் முறை இன்னும் உரக்க வாசித்தேன்.