வாப்பா லெமினேட் அடித்த சேர்டிபிகேட்

லெமினேட் மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பிளாஸ்டிக்குக்கு ஒரு சூட்டு வாசம் இருக்கும், தெரியுமா?
அந்த வாசம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் வாப்பாதான் ஞாபகத்துக்கு வருவார்...

மட்டக்களப்பில் மூன்று வருஷம் நேர்ஸிங் படித்து முடித்து, எங்கள் ஊர் பாலமுனைக்குத் திரும்பியிருந்த நேரம். சார்ஜாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை சரிவந்திருந்தது. ஆனால் அந்த நாட்டு லைசன்ஸ் இல்லாமல் அங்கே ஓர் ஊசி கூடப் போட முடியாது. லைசன்ஸுக்குப் பரீட்சை. நான் அறைக்குள் கிடந்து படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வாப்பா அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டு வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“மகள், கடல் காத்துக்குக் கடதாசி நிண்டு பிடிக்காது. உன்ட சேர்டிபிகேட் எல்லாத்தயும் லெமினேட் அடிச்சிட்டன்!”

பளபளவென்று இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் வேடிக்கை.

என்னைச் சார்ஜாவுக்கு அனுப்பவிருந்த ஏஜென்சிக்காரர் நேர்ஸிங் சேர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, இதுக்குப் பின்னால கொழும்புல சீல் குத்தோணும். பிளாஸ்டிக்குல எங்க குத்துற? ரெண்டு கிழமைக்குள்ள சீலோட வராட்டி ஆஸ்பத்திரியில வேற ஆள எடுத்துருவாங்க.”

வீட்டுக்கு வந்து பிளேடால் ஓரத்தைக் கிளப்பினேன். பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கையெழுத்தும் பாதி உரிந்து வந்தது... அவ்வளவுதான். ஆத்திரமெல்லாம் வாப்பா மேல் பாய்ந்தது.

“தெரியாத வேலைய ஏன் வாப்பா செய்றீங்க? என்ட மூணு வருஷமும் போச்சு!”

உம்மா என்னை முறைத்தா. வாப்பா சேர்ட்டை எடுத்துப் போட்டார்.

“நீ படி மகள். நான் போய் வேற கொப்பி எடுத்துட்டு வாறன்.”

வெள்ளாமை வெட்டுக் காலம் அது. வெட்டிய நெல்லை வயலில் அப்படியே போட்டுவிட்டுப் போனார். முதலில் மட்டக்களப்பில் நான் படித்த இடத்தில் ஒரு கடிதம், பிறகு கொழும்பில் சேர்டிபிகேட் கொடுக்கும் ஆபீஸ். வாப்பாவுக்குச் சிங்களம் அரைகுறை. “பிள்ளை நேரில் வர வேண்டும்” என்று திருப்பி அனுப்பினார்களாம். அடுத்த நாளும் அதே கவுண்டருக்கு முன்னால் போய் நின்றாராம். நான் நேர்ஸ் தொப்பி போட்டு நிற்கும் போட்டோவையும் உரிந்த சேர்டிபிகேட்டையும் காட்டி, “நான்தான் பழுதாக்கின. புள்ளையில பிழை இல்ல” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். பிளேடு பிடித்தது நான்!

கடைசியில் உள்ளேயிருந்து தமிழ் தெரிந்த ஒரு மிஸ் வந்து, விஷயத்தை விளங்கி, விண்ணப்பப் பாரத்தையும் நிரப்பிக் கொடுத்தாவாம். அவவின் பெயர் கூட எனக்குத் தெரியாது. அவவுக்காக அல்லாஹ்விடம் எத்தனை துஆக் கேட்டிருப்பேன்!

நாலாம் நாள் வாப்பா வந்தார். புதுக் கொப்பி, பின்பக்கத்தில் சீல்.

“இந்தா மகள். இதுல நான் கை வெக்கல்ல.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. பரீட்சையும் பாஸ், லைசன்ஸும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

சார்ஜாவுக்கு வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் உம்மா போனில் சொன்னா... அந்த நாலு நாளில் பெய்த மழையில், வெட்டிப் போட்ட நெல் நனைந்து முளைத்தே விட்டதாம். “மகளிட்டச் சொல்லிராத” என்று வாப்பா உம்மாவின் வாயை அடைத்து வைத்திருந்தாராம்.

உடனே வாப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அன்று ஏசினதுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

“எப்ப ஏசின நீ?” என்றார்.

இப்போது லைசன்ஸ் புதுப்பிக்கப் போனில் பத்து நிமிஷம் போதும். புதிதாக வரும் பிள்ளைகளின் பேப்பரெல்லாம் மெயிலிலேயே வந்துவிடுகிறது. நல்லதுதான். யாருடைய வாப்பாவும் கவுண்டரில் நின்று கெஞ்ச வேண்டியதில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி என் லைசன்ஸில் வாப்பாவின் பெயர்தான் முன்னுக்கு. வார்டில் அதையே என் பெயர் என்று நினைத்து, “சிஸ்டர் இஸ்மாயில்!” என்று கூப்பிடுவார்கள். வந்த புதிதில் வெட்கமாக இருக்கும், ஒவ்வொருவராகத் திருத்துவேன்.

இப்போது திருத்துவதில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் “வாறன்” என்று எழும்பிப் போகிறேன்.