பின்பக்கமாகவே நடக்கும் ஓவியக்காரி

படத்தைச் சுவரில் தலைகீழாகச் சாய்த்துவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வருவாள். அவள் அறை முடிந்து, நடைவழியும் முடிந்து, எதிர்வீடான என் வீட்டுக்குள் நுழைந்து எதிலாவது இடித்த பிறகுதான் நிற்பாள். "தூரத்துலேர்ந்து பார்த்தாதான்க்கா படத்தோட குட்டு வெளிப்படும்" என்பாள். ஒருநாள் நான் துணி ஊறவைத்த வாளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்காமலே, "வானம் கொஞ்சம் கனம்தான்" என்றாள்.

குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவள். சாயத்தை இடக்கையில் தடவித்தான் பார்ப்பாள். முழங்கை வரை நீலம் என்றால் கடல் கதை, பச்சை என்றால் காட்டுக் கதை என்று மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். படத்தில் விரற்கடை இடம் காலியாகக் கிடந்தாலும் அவளுக்குக் கை அரிக்கும். அங்கே ஒரு கொடி, கொடியில் பூ, பூவுக்குள் வண்டு, வண்டின் முதுகில் ஏழு புள்ளி.

"இவ பவுடர் போட்டாக்கூட ஓரத்துல பூ வரைஞ்சிடுவாக்கா" என்று அவள் கணவர் கேலி செய்வார்.

"உங்க வழுக்கையில நிறைய இடம் இருக்கு. பேசாம இருங்க."

போன வாரம் பதிப்பகத்து அம்மா போனில் வந்தார். பன்னிரண்டு புத்தகத் தொடர் ஒன்றின் முதல் அட்டைக்காக இவள் அனுப்பியிருந்த, குடை பிடித்து நிற்கும் ஒரு சிறுமியின் படத்தைப் பற்றிப் பேச்சு. "பொண்ணு எங்கேன்னு தேட வேண்டியிருக்கும்மா. பின்னணி சந்தைக்கடை மாதிரி கத்துது. தேர்ந்த கை போட்டதா தெரியணும். வெள்ளிக்கிழமை சரியா வந்தா பன்னிரண்டு புத்தகமும் உங்களுக்குத்தான். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்." இப்படி ஒரு வாய்ப்புக்காகப் பத்து வருஷமாகக் காத்திருந்தவள் அவள்.

சோதனைக்கு என்னைப் பிடித்தாள். மூன்று எண்ணும்வரை படத்தைக் காட்டுவாள். சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளிப்பாள். "முதல்ல எது கண்ணுல பட்டுச்சு?"

திங்களன்று படத்துச் சுவரில் இருந்த பல்லி என்றேன். பல்லி போயிற்று. செவ்வாயன்று கயிற்றில் காயும் காலுறை. அதுவும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் சிறுமியை அப்படியே வைத்து, மற்றதைப் புதுத்தாளில் குறைத்து வரைந்தாள். புதனன்று எறும்பு என்றேன்.

"எறும்பா! கடுகளவு இருக்கு அக்கா!"

"வரிசையா, அடக்கமா போகுதேம்மா. பார்க்கவே நல்லாயிருந்துச்சு."

வியாழனன்று, "என் கண்ணை அந்தக் குழந்தை மேல வை சாமி" என்று வேண்டிக்கொண்டே போனேன். கண் நேராகப் போய் நாலு சிவப்புப் பூவில் உட்கார்ந்தது. "அந்த நாலும் என் உயிருக்கா" என்று உதட்டைப் பிதுக்கினாள். கணவர் என் காதோடு, "பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதா?" என்று கேட்டார்.

"சாமி கும்பிட்ட வாய் தம்பி. பொய் வர மாட்டேங்குதே."

வெள்ளி காலை. ஒன்று, இரண்டு, மூன்று.

"இந்தக் குட்டி ஏன் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்குது? என்னவோ திருட்டு வேலை பண்ணியிருக்கா!"

படத்தை ஒளிக்க மறந்துபோனாள். "திங்கக்கிழமையிலேர்ந்தே அப்படித்தான்க்கா நிக்கறா" என்றாள். அப்புறம்தான் மற்றதைப் பார்த்தேன். சுவர் வெளிறிய சாம்பல் நிறத்தில் தள்ளிப்போய் நின்றது. மூலையிலிருந்து ஒரே ஒரு கொடி, குடையை எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். வீல் என்று கத்திக்கொண்டு என் இரண்டு கையையும் பிடித்து அவள் சுற்றிய சுற்றில் நாற்காலியும் சேர்ந்து சுற்றியது. என் புடவையெல்லாம் சாம்பல் விரல்கள்.

படம் போன ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. "இதேதான். மீதிப் பதினொண்ணையும் ஆரம்பிங்க." கணவர் கைதட்டினார். நான் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அவள் அடுத்த தாளை விரித்து, நடுவில் ஒரு நாய்க்குட்டியை வரைந்து முடித்திருந்தாள். சுற்றிலும் வெள்ளை. வலக்கை தானாகத் தாளின் ஓரத்துக்கு நகர்ந்தது. அதைப் பார்த்தாள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.